சீமைக் கருவேலத்தை ட்ரோனில் அளக்கும்போது வரும் கோளாறுகள்: எது தெரிந்தால் எங்கே பார்ப்பது

கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் எத்தனை ஏக்கர்? வெட்டின இடத்தில் எவ்வளவு மறுபடி துளிர்த்திருக்கிறது? இந்த இரண்டு கேள்விக்கு விடை தேடித்தான் பெரும்பாலும் ட்ரோனைத் தூக்கிக்கொண்டு கரையேறுகிறோம். சீமைக் கருவேலம் போன்ற அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. வெட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து காட்டினால்தான் அந்த வேலைக்குக் கணக்கு நிற்கும். ஆனால் வீட்டுக்கு வந்து கணினியில் படத்தைத் திறந்தால் மரம் மெழுகாய் உருகியிருக்கும், பரப்பளவு தடவைக்கொன்றாக வரும், நெல் வயலெல்லாம் சீமைக் கருவேலமாகியிருக்கும்.

இங்கே கோளாறுகளைக் கண்ணில் படும் அறிகுறியை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறேன். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டக் கண்மாய்களை மனதில் வைத்து எழுதியது. மலைக்காட்டில் பரவும் அந்நியத் தாவரங்களான உண்ணிச்செடிக்கும் மஞ்சள் கொன்னைக்கும் பின்னால் தனியாகக் கொஞ்சம் உண்டு. கேமரா என்று சொல்லும் இடமெல்லாம் 1 அங்குல சென்சர், 20 மெகாபிக்சல், 8.8 மி.மீ. லென்ஸ் கொண்ட சாதாரண வண்ணக் கேமரா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளில் கை வைப்பதற்கு முன்னால் மூன்றைப் பாருங்கள்: எந்த மாதம் பறந்தீர்கள், எத்தனை மணிக்குப் பறந்தீர்கள், எத்தனை மீட்டரில் பறந்தீர்கள். கீழே உள்ளவற்றில் பாதிக்கு மேல் அங்கேதான் பிறக்கின்றன.

எல்லாமே ஒரே பச்சை, எது சீமைக் கருவேலம் என்று பிரியவில்லை

முதலில் பறந்த தேதியைப் பாருங்கள். நவம்பரிலோ டிசம்பரிலோ ஜனவரியிலோ எடுத்த படமாக இருந்தால் வகைப்படுத்தும் மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கண்மாய்க்குள் கோரை, கரையில் புல், ஆயக்கட்டில் (கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்களில்) நெல் என்று எல்லாம் ஒரே சமயத்தில் பச்சையாக நிற்கும். பலர் என்டிவிஐ கணக்குப் போட்டால் பிரிந்துவிடும் என்று நம்பிப் பல்நிறமாலைக் கேமரா (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் பதியும் கேமரா) வாங்குகிறார்கள். என்டிவிஐ என்பது அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பது. இலை எவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்று அது சொல்லும். இலை யாருடையது என்று சொல்லாது.

சரியான காலம் பங்குனி, சித்திரை. நெல் அறுத்து, கண்மாய் வற்றி, புல் காய்ந்து வைக்கோல் நிறமாகியிருக்கும். சீமைக் கருவேலத்தின் வேர் ஆழத்தில் தண்ணீரைத் தேடிப் போய்விடுவதால் அது மட்டும் பச்சை மாறாமல் நிற்கும். அந்த மாதத்தில் எடுத்த சாதாரண வண்ணப்படத்தை வைத்தே புல், வயல், கோரை மூன்றையும் ஒதுக்கிவிடலாம். மழை கழிந்ததும் எடுத்த விலையுயர்ந்த கேமராப் படத்தைவிட, கோடையில் எடுத்த சாதாரணக் கேமராப் படம் மேல்.

இதற்குப் பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும். அதுதான் நிஜமான சிக்கல்: நாட்டுக் கருவேலம். அதுவும் கோடையில் பச்சையாகத்தான் நிற்கும். சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய்களுக்குள் வனத்துறை வரிசையாக நட்டதே அதைத்தான். நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. வடிவத்தை வைத்துப் பிரிக்கலாம்.

நாட்டுக் கருவேலத்துக்குப் பெரும்பாலும் ஒற்றை அடிமரம் இருக்கும். மேலிருந்து பார்த்தால் உருண்டையான தலை தனித்தனியாகத் தெரியும். நட்ட மரமாக இருந்தால் இடைவெளி சீராக இருப்பதே காட்டிக்கொடுத்துவிடும். சீமைக் கருவேலம் அடியிலேயே பல கிளையாகப் பிரிந்து, வெளிப்பக்கமாகச் சாய்ந்து, பக்கத்து மரத்தோடு பின்னிக்கொண்டு ஒரே புதராகக் கிடக்கும். தலைக்கும் தலைக்கும் நடுவே கோடு போட முடியாது. காலையில் பறந்திருந்தால் நிழலையும் பாருங்கள். ஓரத்து மரத்தின் நிழலில் ஒற்றைத் தண்டு நீளமாக விழுந்தால் அது நாட்டு மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். தரையிலிருந்து உறுதிசெய்யப் பூவும் காயும் போதும். நாட்டு மரத்தில் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாலை. சீமையில் பூ வெளிர்மஞ்சள் கதிர், காய் நீளமான வெளிர்மஞ்சள் நெற்று. தெற்கே போகப் போக உடைமரமும் வரும். அது குடை விரித்தது போல் தட்டையாக இருப்பதால் தொல்லை இல்லை. பனை நட்சத்திரம் மாதிரி தெரியும்.

அப்படியும் சந்தேகம் தீராத மரங்களைச் சீமைக் கணக்கில் தள்ளாதீர்கள். ‘பார்க்க வேண்டியது’ என்று தனி நிறம் கொடுத்து, ஆளை அனுப்புங்கள். உங்கள் வரைபடத்தை வைத்துத்தான் ஜேசிபி வரும். ஓட்டுநர் காயைப் பார்த்து வெட்டப்போவதில்லை. கஞ்சிரங்குளம், சித்திரங்குடி மாதிரியான சரணாலயக் கண்மாய்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுவது இந்த நாட்டுக் கருவேல மரங்களில்தான்.

கருகருவென்று வட்டங்கள், தண்ணீர் என்று காட்டுகிறது

முதுகுளத்தூர், கமுதி பக்கம் பறந்திருந்தால் அது கரிமூட்டம் போட்ட இடமாக இருக்கலாம். விறகை அடுக்கி, மண் பூசி, உள்ளே புகையவிட்டுக் கரி எடுத்தபின் தரையில் வட்டமாகக் கறுப்பு தங்கிவிடும். மென்பொருள் அதை ஆழமான நிழல் என்றோ குட்டை என்றோ எடுத்துக்கொள்ளும். எது எது என்று மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்கக் குறித்துக் காட்டும் பயிற்சி மாதிரிகளில் ‘மூட்டத் தடம்’ என்று ஒரு வகையைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. புகைந்துகொண்டிருக்கும் மூட்டத்துக்கு நேர் மேலே பறக்க வேண்டாம். காற்று வரும் திசையிலிருந்து படம் எடுத்தால் புகை மறைக்காது.

மரம் உருகி வழிந்தது போல் இருக்கிறது, அல்லது இரண்டிரண்டாகத் தெரிகிறது

நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டி ஆர்த்தோமொசைக் எனப்படும் ஒரே பெரிய படமாக்கும்போது, ஒரு படத்தில் உள்ள புள்ளியை அடுத்த படத்தில் மென்பொருள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சீமைக் கருவேலத்தின் இலை சன்னமான சிறகிலை. லேசான காற்றடித்தாலே போதும், இரண்டு படத்துக்கு நடுவில் புள்ளி நகர்ந்துவிடும். கட்டடத்துக்கும் ரோட்டுக்கும் ஒத்துவரும் அமைப்பு இதற்கு ஒத்துவராது.

படங்களின் மேற்படிவை, அதாவது ஒரு படம் அடுத்த படத்தின் மேல் எத்தனை சதவீதம் ஏறி விழுகிறது என்பதைச் சரிபாருங்கள். 75 சதவீதம் வைத்தேனே என்பீர்கள். அந்தக் கணக்கு தரைக்கு. 40 மீட்டரில் பறக்கும்போது 8 மீட்டர் உயர மரத்தின் உச்சிக்கும் ட்ரோனுக்கும் நடுவே 32 மீட்டர்தான். அங்கே மேற்படிவு 69 சதவீதமாகக் குறைந்துவிடும். அதே 75 சதவீதத்தை 100 மீட்டர் உயரத்தில் வைத்தால் மர உச்சியில் 73 சதவீதம் மிஞ்சும். ஆகவே அடர்ந்த புதருக்கு முன்பின் 85, பக்கவாட்டில் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் கூடும், பேட்டரி கூடுதலாக ஒன்று போகும், பரவாயில்லை.

அடுத்தது வேகம். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே 1/200 நொடி ஷட்டரில் எடுத்தால், திறந்து மூடுவதற்குள் ட்ரோன் 4 செ.மீ. நகர்ந்திருக்கும். 40 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் தரையில் 1.1 செ.மீ. தான். ஆக, மூன்று நான்கு பிக்சலுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கும். ஷட்டரை 1/1000க்குக் கொண்டுவாருங்கள், அல்லது மெதுவாகப் பறங்கள்.

ஆடிக் காற்றில் எடுத்த படமாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் முழுசாகக் கைகொடுக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மாவட்டங்களில் காற்று பகலெல்லாம் ஓயாது. விடிந்து வெளிச்சம் வந்ததும் கிடைக்கும் இடைவெளியைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் ஒத்திப்போடுங்கள்.

திரும்பப் பறக்க வழியில்லை, இருக்கும் படத்தை வைத்துத்தான் முடிக்க வேண்டும் என்றால், படங்களைப் பொருத்தும் கட்டத்தில் முழு அளவுக்குப் பதிலாகப் பாதி அளவில் பொருத்தச் சொல்லுங்கள். இலையின் நடுக்கத்தை விட்டுவிட்டு, கிளைக் கொத்தின் வடிவத்தை மென்பொருள் பிடித்துக்கொள்ளும். வெப்ஓடிஎம் என்ற படம் ஒட்டும் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் ஒரு படத்துக்குத் தேடவேண்டிய குறைந்தபட்சப் புள்ளிகளை இயல்பான 10,000லிருந்து உயர்த்திப் பார்க்கலாம். பலமுறை இதுவே ஓட்டையை அடைத்துவிடும்.

படத்தில் பட்டை பட்டையாக நிற மாற்றம், அல்லது நடுவில் ஒரு வெளிச்சத் திட்டு

பட்டை என்றால் மேகம். பறந்துகொண்டிருக்கும்போது ஒரு மேகம் வந்து போயிருக்கும். கேமராவைத் தானியங்கியில் விட்டிருந்தால் ஒளிக்கு ஏற்ப அதுவும் ஆடியிருக்கும். வெள்ளைச் சமநிலையையும் ஒளியளவையும் கையால் நிலைநிறுத்திவிட்டுப் பறக்க வேண்டும். பல்நிறமாலைக் கேமராவாக இருந்தால் புறப்படும் முன்னும் இறங்கிய பின்னும் அளவீட்டுப் பலகையை (ஒளியளவை ஒப்பிட்டுச் சரிசெய்ய உதவும் பலகை) படம் எடுக்க மறக்கக் கூடாது. பலகை மேல் உங்கள் நிழலோ ட்ரோனின் நிழலோ விழக் கூடாது.

வெளிச்சத் திட்டு வேறு கதை. உச்சி வெயிலில், நிழல் குறைவாக இருக்கும்போது பற என்று எல்லாக் கையேடும் சொல்லும். அவை குளிர்நாடுகளுக்கு எழுதியவை. ராமநாதபுரத்தில் சித்திரை முதல் தேதியை ஒட்டி நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி அப்படி நிற்கும். கேமரா நேர் கீழே பார்க்கிறது, சூரியன் நேர் பின்னால் இருக்கிறது. ட்ரோனின் சொந்த நிழல் விழும் புள்ளியைச் சுற்றி ஒவ்வொரு படத்திலும் ஒரு பளிச்சென்ற திட்டு உண்டாகும். ஒட்டும்போது அது படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நிற்கும். கோடையில் காலை எட்டரையிலிருந்து பத்தரைக்குள் முடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் காற்றும் குறைவு, நிழலும் மேலே சொன்ன அடிமரச் சோதனைக்கு உதவும்.

மர உயரம் எல்லாம் குட்டையாக வருகிறது

மேற்பரப்பு உயரத்திலிருந்து தரை உயரத்தைக் கழித்தால் மரத்தின் உயரம். படத்திலிருந்து கணக்கிடும்போது தரை எங்கேயாவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் தரை உயரம் கிடைக்கும். அடர்ந்த சீமைக் கருவேலப் புதரில் தரையே தெரியாது. மென்பொருள் இலைப்பரப்பின் தாழ்வான இடத்தைத் தரை என்று எடுத்துக்கொள்ளும், மரம் பாதியாகக் குறைந்துவிடும்.

லேசர் கதிரால் உயரம் அளக்கும் லைடார் இருந்தால் தீரும், ஆனால் செலவு ஊராட்சி வேலைக்குத் தாங்காது. கண்மாய்க்கு ஒரு வசதி உண்டு: படுகை ஏறக்குறைய சமதளம். புதரின் ஓரங்களிலும் உள்ளே மாடு போகும் தடங்களிலும் தெரியும் வெற்றுத்தரைப் புள்ளிகளைக் கையால் குறித்து, அவற்றுக்கு நடுவே தரையைக் கணித்துக்கொள்ளலாம். கரையின் மேல் தெரியும் தரையை இதில் சேர்த்துவிடாதீர்கள். வெட்டி முடித்தபின் மறுபடி பறக்கும் திட்டம் இருந்தால் இன்னும் எளிது. வெறும் படுகையின் அந்தப் படத்தையே தரை உயரமாக வைத்து, பழைய படத்தின் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். கரம்பை (படுகையின் வண்டல் மண்) அள்ளியிருந்தால் மட்டும் இது செல்லாது.

வெட்டிய கண்மாய் சுத்தமாகத் தெரிகிறது, போய்ப் பார்த்தால் கன்று முளைத்துக் கிடக்கிறது

இது உயரப் பிரச்சினை. 100 மீட்டரில் ஒரு பிக்சல் தரையில் 2.7 செ.மீ. ஒரு சாண் அகலக் கன்று எட்டு பிக்சல்தான் வரும். அதிலும் சிறகிலைகளுக்கு நடுவே மண் தெரிவதால் பச்சையும் பழுப்பும் கலந்து சாம்பல் நிறமாகிவிடும். கன்று தேடுவதாக இருந்தால் 25, 30 மீட்டருக்கு இறங்க வேண்டும்.

பெரிய கண்மாய் முழுவதையும் அந்த உயரத்தில் மூட முடியாது, மூடவும் தேவையில்லை. ஆடும் மாடும் நெற்றைத் தின்று விதையைச் சாணியிலும் புழுக்கையிலும் போடுகின்றன. வயிற்றுக்குள் போய் வந்த விதை நன்றாகவே முளைக்கும். எனவே கன்று எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: கிடை போட்ட இடம் (இரவில் ஆட்டு மந்தையை அடைத்த இடம்), மாடு தண்ணீருக்கு இறங்கும் தடம், கரையின் உள்சரிவு, வெள்ளத்தோடு நெற்று அடித்துவரும் வரத்துக்கால், அது ஒதுங்கும் மடை வாய், உபரித் தண்ணீர் வழியும் கலுங்கு ஓரம். உயரமாகப் பறந்து எடுத்த பொதுப்படத்தில் இந்த இடங்களைக் குறித்துக்கொண்டு அங்கே மட்டும் தாழப் பறங்கள். கிடை எங்கே போட்டார்கள் என்று மந்தை மேய்க்கும் கீதாரியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் காட்டிவிடுவார். எந்த மென்பொருளும் அதைக் கண்டுபிடித்துத் தராது.

அடிக்கட்டைத் துளிர் வேறு மாதிரி. தரைக்கு மேலே அறுத்துவிட்டு வேர்க்கட்டையை விட்டுப் போயிருந்தால் கட்டையைச் சுற்றி வளையமாகத் துளிர்க்கும். படத்தில் நடுவே வெற்றிடத்தோடு பச்சை மோதிரம் மாதிரி தெரியும். அதைக் கன்று என்று கணக்கில் எழுதினால் விதை மேல் பழி விழும். வேரோடு பிடுங்கச் சொன்ன ஒப்பந்தத்தில் இப்படி மோதிரங்கள் தெரிந்தால், எழுதவேண்டிய அறிக்கை வேறு.

இரண்டு தடவை பறந்தால் இரண்டு பரப்பளவு

இதற்குப் பல காரணம் இருக்கலாம். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ஆய முறை, அதாவது இடத்தை எண்ணால் குறிக்கும் முறை. அகலாங்கு, நெட்டாங்கில் இருக்கும் கோப்பில் பரப்பளவு கேட்டால் டிகிரி சதுரத்தில் ஏதோ ஒரு எண் வரும், அது உடனே தெரிந்துவிடும். இணைய வரைபடங்களின் வெப் மெர்கேட்டரில் கேட்டால் நம்பும்படியான எண் வரும், அதுதான் ஆபத்து. நம் தென்மாவட்ட அகலாங்கில் அது நிஜப் பரப்பைவிடச் சுமார் 3 சதவீதம் கூடுதலாகக் காட்டும். ஏக்கர் கணக்கில் பணம் கொடுக்கும் இடத்தில் 3 சதவீதம் சின்ன விஷயமில்லை.

உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறைக்கு மாற்றுங்கள். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. 43ஆம் மண்டலத்துக்கும் 44ஆம் மண்டலத்துக்கும் எல்லையான 78 டிகிரி நெட்டாங்கு தமிழ்நாட்டின் நடுவே போகிறது. மதுரை 44, திண்டுக்கல் 43. விருதுநகர் மாவட்டத்தை அது இரண்டாகவே வெட்டுகிறது: விருதுநகர் ஊர் 43இல், அருப்புக்கோட்டை 44இல். ராமநாதபுரம் முழுவதும் 44. மாவட்டம் முழுவதற்கும் 44ஆம் மண்டலத்துக்கான 32644 என்ற ஒரே குறியீட்டை எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். எல்லையை ஒட்டி அந்தப் பக்கம் கொஞ்சம் போனாலும் பரப்பளவில் பெரிய பிழை வராது. ஆளுக்கொரு மண்டலத்தில் கோப்பு அனுப்பினால்தான் குழப்பம்.

இரண்டாவது, இடப்பெயர்ச்சி. ஆர்டிகே எனப்படும் துல்லியத் திருத்த வசதி இல்லாத ட்ரோனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளித்தான் நிற்கும். போன தடவை கிழக்கே, இந்தத் தடவை மேற்கே என்று தள்ளினால், ஒன்றின் மேல் ஒன்றை வைக்கும்போது புதரின் ஒரு ஓரம் வெட்டப்பட்டதாகவும் மறு ஓரம் புதிதாக முளைத்ததாகவும் தெரியும். எல்லாப் புதருக்கும் ஒரே திசையில் பிறை பிறையாக மாற்றம் தெரிந்தால் அது மரத்தின் வேலையல்ல, ஜிபிஎஸ்ஸின் வேலை. படத்தைச் சரியான இடத்தில் பொருத்த உதவும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளுக்குத் தனியாகப் பலகை அடிக்க வேண்டியதில்லை. மடைத்தூணின் மேல்முகம், கலுங்குக் கல்லின் மூலை, கரைமேல் இருக்கும் கோயில் மேடை எல்லாம் நகராதவை. ஒரு தடவை அவற்றைத் துல்லியமாக அளந்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வருடமும் அவற்றோடு பொருத்தலாம். சுண்ணாம்புக் குறி மழையில் போய்விடும், பெயின்ட் அடியுங்கள்.

மூன்றாவது, மரமே மாறியிருக்கலாம். மழைக்குப் பிறகு துளிர்விட்ட தலை அகலமாகவும், கோடையில் குறுகலாகவும் இருக்கும். ஒப்பிடும் இரண்டு படமும் ஒரே மாதத்தில் எடுத்ததாக இருந்தால் இந்தச் சந்தேகம் எழாது.

துல்லியம் 95 சதவீதம் என்று வருகிறது, களத்தில் பாதி தப்பு

மாணவர்களின் அறிக்கைகளில் அடிக்கடி பார்ப்பது. பயிற்சிக்கு எடுத்த பிக்சலும் சோதனைக்கு எடுத்த பிக்சலும் ஒரே மரத்தின் இடது பக்கமும் வலது பக்கமுமாக இருக்கும். தெரிந்த கேள்வியையே தேர்வில் கேட்டால் மார்க் வராமல் என்ன செய்யும்? ஒரு கண்மாயில் பயிற்சி கொடுங்கள், வேறொரு கண்மாயில் சோதித்துப் பாருங்கள். கமுதிப் பக்கக் கரிசலில் கற்றுக்கொண்ட மென்பொருள், கடலோர மணலுக்கு வந்ததும் தடுமாறும். பின்னணி மண்ணின் நிறமே வேறு. இரண்டு மண்ணிலிருந்தும் மாதிரிகளைச் சேர்த்தால்தான் அது நிதானத்துக்கு வரும்.

களத்தில் புள்ளி எடுக்கும் முறையிலும் தப்பு இருக்கலாம். மரத்தடியில் நின்று போனில் ஜிபிஎஸ் புள்ளி பதிந்தால் அது நாலைந்து மீட்டர் தள்ளிப் பக்கத்து மரத்தில் போய் விழும். சரியான பெயர், தவறான மரம். அதைவிட, பறந்து எடுத்த படத்தை க்யூஃபீல்டு செயலியில் ஏற்றிக்கொண்டு போய், எந்தத் தலை எது என்று கண்ணால் பார்த்துப் படத்தின் மேலேயே விரலால் தொட்டுக் குறிப்பது நல்லது.

தண்ணீர் மேல் படம் ஒட்ட மறுக்கிறது

ஆகாயத்தாமரை அளக்கப் போகிறவர்களுக்கு வரும் தொல்லை. வெறும் தண்ணீரில் பொருத்துவதற்குப் புள்ளி கிடையாது, அலையும் மினுக்கமும் வேறு. ஒவ்வொரு படத்திலும் கரையோ மடையோ கொஞ்சமாவது விழும்படி உயரத்தைக் கூட்டுங்கள். ஆகாயத்தாமரைப் படலம் காற்றில் நகரும் என்பதால், ஒரு பாதி காலையில், மறு பாதி மாலையில் என்று எடுத்தால் ஒரே படலத்தை இரண்டு தடவை எண்ணிவிடுவீர்கள். ஒரே மூச்சில் முடியுங்கள்.

மலைக்காட்டில் செடி மண்டிக் கிடக்கிறது, படத்தில் இல்லவே இல்லை

உண்ணிச்செடியைச் சொல்கிறேன். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் அது மரங்களுக்கு அடியில் வளர்கிறது. மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு மரத்தின் தலைதான் தெரியும். இதை எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது. இலையுதிர் காட்டில் தேக்கும் மற்ற மரங்களும் இலையைக் கொட்டிவிட்டு, உண்ணிச்செடி இன்னும் வாடாமல் இருக்கும் ஒரு குறுகிய இடைவெளி உண்டு. வறட்சி கூடினால் உண்ணிச்செடியும் இலையை உதிர்த்துவிடும், பிறகு சருகும் அதுவும் ஒரே நிறம். அந்த இடைவெளி மழையைப் பொறுத்து வருடத்துக்கு வருடம் தள்ளிப்போகும் என்பதால், தேதியை முன்கூட்டியே குறித்துவிட்டுப் போவதில் பயனில்லை. வனக் காவலரிடம் இலை உதிர்ந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். பசுமைமாறாக் காட்டின் அடியில் இருக்கும் உண்ணிச்செடிக்கு ட்ரோன் உதவாது. கயிறு பிடித்து நடந்துதான் எண்ண வேண்டும்.

மஞ்சள் கொன்னை இதற்கு நேர் எதிர். மரமாக உயர்ந்து தலையை மேலே காட்டிவிடுவதால் பூக்கும் வாரங்களில் பறந்தால் ட்ரோனுக்கு இதைவிட எளிதான வேலை கிடையாது. நம் சரக்கொன்றையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சரக்கொன்றை கோடையில் இலை உதிர்த்து, சரமாகத் தொங்கவிட்டுப் பூக்கும். மஞ்சள் கொன்னை பச்சை இலைகளுக்கு மேலே கொத்தை நிமிர்த்திக் காட்டும். தாழப் பறந்து எடுத்த ஒரு சாய்கோணப் படம் இதைத் தீர்த்துவிடும்.

மலையில் இன்னொன்று: ட்ரோன் காட்டும் உயரம், அது புறப்பட்ட இடத்திலிருந்து எடுத்த உயரம். மேட்டில் நின்று ஏற்றினால் பள்ளத்துக்கு மேலே போகும்போது பிக்சல் அளவு இரண்டு மடங்காகிவிடும். பள்ளத்தில் நின்று ஏற்றினால் மேட்டு மரத்தில் மோதும். நில உயரத்தைப் பின்பற்றிப் பறக்கும் வசதியைப் போட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

ட்ரோன் கிளம்பவே மாட்டேன் என்கிறது

திசைகாட்டிப் பிழை என்றால் மடையின் இரும்பு ஷட்டரையும் ஜேசிபியையும் விட்டுத் தள்ளி நில்லுங்கள். பேட்டரி சூடு என்றால் காரின் டேஷ்போர்டில் வைத்திருப்பீர்கள், நிழலுக்கு மாற்றுங்கள். உப்பிய பேட்டரியை அன்றோடு ஒதுக்கிவிடுங்கள். காய்ந்த கண்மாய்ப் படுகையிலிருந்து நேரடியாக ஏற்றினால் புழுதி லென்ஸில் ஏறும், ஒரு சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

‘இந்தப் பகுதியில் பறக்க முடியாது’ என்றால் அது கோளாறில்லை. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம் இருக்கிறது, அதைச் சுற்றி நினைத்தபடி பறக்க முடியாது. 2021 ட்ரோன் விதிகளின்படி, முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிதான். வீட்டிலேயே எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சரணாலயத்துக்கும் புலிகள் காப்பகத்துக்கும் வனத்துறை அனுமதி தனி. பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் அனுமதி கேட்காமலிருப்பதே நல்லது.

கரும்பருந்தோ செம்பருந்தோ வட்டமிட ஆரம்பித்தால் நேராக மேலே ஏற்றுங்கள், பக்கவாட்டில் ஓடாதீர்கள். வேலையை நிறுத்திவிட்டு வேறு மூலைக்குப் போய் அரைமணி நேரம் கழித்து வாருங்கள்.

வரைபடம் சரி, ஆனால் ஊர்க்கணக்கோடு ஒத்துப்போகவில்லை

ஊராட்சியின் ஏலப் புத்தகத்தில் ஒரு ஏக்கர்க் கணக்கு, உங்கள் படத்தில் வேறொரு கணக்கு. பெரும்பாலும் இரண்டுமே தப்பில்லை. நீங்கள் அளந்தது மரத்தலையின் பரப்பு, புத்தகத்தில் இருப்பது சர்வே எண்ணின் பரப்பு. புலப்படத்தை (சர்வே எண்ணின் எல்லை வரைபடம்) ஸ்கேன் செய்து உங்கள் படத்தின் மேல் வைத்தால் கோடு சில மீட்டர் தள்ளித்தான் உட்காரும். அதை இழுத்து நீட்டிப் பொருத்தாதீர்கள். எல்லைக் கற்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றைப் புள்ளியாக வைத்துப் பொருத்துங்கள். கற்களும் பெரும்பாலும் சீமைக் கருவேலத்துக்குள்தான் இருக்கும், கிராம உதவியாளர் இல்லாமல் கிடைக்காது.

அறிக்கையில் மூன்று எண்களைத் தனித்தனியாகக் கொடுங்கள்: கண்மாயின் மொத்தப் பரப்பு, அதில் மரத்தலை மூடிய பரப்பு, ‘பார்க்க வேண்டியது’ என்று விட்டுவைத்த பரப்பு. விறகு எத்தனை டன் தேறும் என்று ஏலக்காரர் கேட்பார். பரப்பளவை வைத்து டன் சொல்லாதீர்கள், ஒரே பரப்பில் கைப்பருமன் கொம்பும் இருக்கும், தொடைப்பருமன் அடியும் இருக்கும். யாரிடம் கொடுப்பது என்பதையும் முன்னாலேயே கேட்டுவையுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையுடையது, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்துடையது. மரத்தை நட்டது வனத்துறையாக இருந்தால் அந்த வரிசைகளைத் தனி அடுக்காகப் பிரித்து அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.